கொலையைத் தற்கொலையாக்கும் மேடை

ஒரு பெண்ணின் சாவைப் பற்றி யார் என்ன கதை சொன்னாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அவளைக் கொன்றது யார்? இந்தக் கேள்வியை அழித்துவிடும் கதை எவ்வளவு நவீனமாக இருந்தாலும், துணிச்சலானது என்று எத்தனை பேர் பாராட்டினாலும், அது பெண்களுக்கு எதிரான கதைதான். மியூனிக் நகரின் பவேரிய அரசு ஓபரா அரங்கில் 2010இல் திமித்ரி செர்னியாகோவ் இயக்கிய ‘கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்’ அப்படிப்பட்ட ஒன்று என்பது என் வாதம். அந்த அரங்கேற்றம் படமாக்கப்பட்டு, டிவிடியாக விற்பனைக்கு வந்து, பிரான்சில் வழக்காகி, நான்கு தீர்ப்புகளைக் கண்டது. நான்கிலும் எடைபோடப்பட்டவை இறந்துபோன இரண்டு ஆண்களின் உரிமையும், உயிரோடிருக்கும் ஓர் ஆணின் சுதந்திரமும். மேடையில் நிற்கும் பெண்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பது யாருடைய வழக்காகவும் இல்லை. ஆகவே அந்த வழக்கை நாம்தான் நடத்த வேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சிக் காலத்தில், 1794 ஜூலை 17 அன்று, பாரிஸின் கிழக்குப் பகுதியில் இருந்த ஒரு சதுக்கத்தில் 16 பெண்கள் கில்லட்டினில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கொம்பியேஞ் என்ற ஊரின் கார்மேல் மடத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். துறவற வார்த்தைப்பாடுகளை 1790இல் அரசு ஒழித்தது. அதிகாரிகள் மடத்துக்கு வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, வெளியே போக விருப்பமா என்று கேட்டார்கள். போக மாட்டோம் என்றார்கள் அந்தப் பெண்கள். 1792இல் மடத்திலிருந்து துரத்தப்பட்டார்கள். துறவு உடையும் கூடாது என்றானது. ஊருக்குள் சிறு சிறு குழுக்களாக வீடு எடுத்துத் தங்கி, முன்பு போலவே சேர்ந்து செபித்தார்கள். அதுதான் குற்றம். அவர்கள் கொல்லப்பட்ட பத்தாவது நாள் ரோபஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தது.

அவர்களது உடல்கள் பிக்பூஸ் என்ற இடத்தில் வெட்டிய குழிகளில் போடப்பட்டன. ஆறே வாரங்களில் அந்தக் குழிகளுக்குள் போனவர்கள் 1306 பேர். அதில் பெண்கள் 197. அந்தப் பெண்களில் 123 பேர் பட்டமும் இல்லாத, துறவு உடையும் இல்லாத சாதாரணக் குடிமக்கள். அவர்களுக்காக யாரும் ஓபரா எழுதவில்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்வோம்.

இந்தக் கதை நம் கைக்கு வந்த வழியும் கவனிக்க வேண்டியது. மடத்தைச் சேர்ந்த அருட்சகோதரி மரி, கைது நடந்தபோது பாரிஸில் இருந்ததால் உயிர் பிழைத்தார். அவர் எழுதிவைத்த நினைவுகள்தான் மற்றவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததற்கு அடிப்படை. 1931இல் ஜெர்மன் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஃபான் லெ ஃபோர்ட் என்ற பெண் இதை ஒரு குறுநாவலாக்கினார். அச்சத்தோடு பிறந்து அச்சத்தோடு வாழும் பிளான்ஷ் என்ற இளம்பெண் அவருடைய கற்பனை. அந்தக் குறுநாவலை வைத்து ஜார்ஜ் பெர்னானோஸ் ஒரு திரைப்படத்துக்கு உரையாடல் எழுதினார், 1948இல் இறந்தார். லெ ஃபோர்ட் தனக்கு வர வேண்டிய உரிமைத்தொகைப் பங்கை பெர்னானோஸின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விட்டுக்கொடுத்தார். அந்த உரையாடலுக்கு பிரான்சிஸ் பூலங்க் இசையமைத்த ஓபரா 1957 ஜனவரியில் மிலான் நகரில் அரங்கேறியது. அதே ஆண்டு ஜூனில் பாரிஸுக்கு வந்தது. ஒரு பெண் பிழைத்திருந்து எழுதினார், இன்னொரு பெண் புனைந்தார். பிற்காலத்தில் வழக்கு வந்தபோது காப்பாற்றப்பட வேண்டிய ஆசிரியர்களாக நின்றவர்கள் பெர்னானோஸும் பூலங்கும்.

ஓபராவின் கதை இது. பிரபுக் குடும்பத்துப் பெண்ணான பிளான்ஷுக்கு எதைக் கண்டாலும் பயம். சுவரில் ஆடும் நிழலுக்கும் அலறுகிறாள். அடைக்கலம் தேடிக் கார்மேல் மடத்தில் சேர்கிறாள். அங்கே முதிய மடத்தலைவி குருவாஸி அம்மையார், வாழ்நாள் முழுக்கச் சாவைத் தியானித்தவர், சாகும் நேரத்தில் நடுங்கி, கதறி, கடவுளையே பழித்துச் சாகிறார். அது அவருக்கு உரிய சாவே இல்லை, வேறு யாருக்கோ உரிய சாவு மாறி வந்துவிட்டது, அப்படியென்றால் வேறு யாரோ ஒருத்தி தன் நேரம் வரும்போது எளிதாகச் சாவாள் என்கிறாள் கான்ஸ்தான்ஸ் என்ற இளம் கன்னி. நீயும் நானும் ஒரே நாளில் சாவோம் என்று பிளான்ஷிடம் முன்பே சொன்னவளும் அவள்தான். புரட்சி மடத்தை நெருங்குகிறது. விசுவாசத்துக்காக உயிரையும் தருவோம் என்ற சபதத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு நடக்கிறது. ஒரு வாக்கு எதிராக விழுகிறது. அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கான்ஸ்தான்ஸ், அது என் வாக்கு, இப்போது மாற்றிக்கொள்கிறேன் என்று சொல்லித் தோழியின் மானத்தைக் காப்பாற்றுகிறாள். சபதம் எடுத்த கையோடு பிளான்ஷ் தப்பி ஓடுகிறாள்.

கடைசிக் காட்சியில் பெண்கள் ‘சால்வே ரெஜினா’ பாடிக்கொண்டே கில்லட்டினை நோக்கி நடக்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் ‘கிருபை தயாபத்து’ என்று அறிந்த அதே செபம். இசையின் தாளத்தோடு ஒட்டாமல், எதிர்பாராத இடங்களில் கத்தி விழுகிறது. ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு குரல் குறைகிறது. கடைசியில் கான்ஸ்தான்ஸின் குரல் மட்டும் மிஞ்சுகிறது. அப்போது கூட்டத்திலிருந்து பிளான்ஷ் வெளியே வருகிறாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை, யாரும் அழைக்கவில்லை. அவளே வந்து பாட்டைத் தொடர்கிறாள். அவள் குரலும் பாதியில் அறுபடுகிறது.

செர்னியாகோவ் இதை என்ன செய்தார்? வெறுமையான பெரிய மேடையில் ஒரு மரக்குடில். அதற்குள் நம் காலத்துப் பெண்கள் சிலர், மங்கலான சாதாரண உடைகளில் வாழ்கிறார்கள். துறவு உடை இல்லை, மடம் இல்லை. கடைசிக் காட்சியில் அவர்கள் எரிவாயு நிரம்பிய குடிலுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பாதுகாப்பு நாடாவுக்கு அப்பால் கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது. பிளான்ஷ் ஓடி வந்து குடிலுக்குள் நுழைந்து ஒவ்வொரு பெண்ணாக வெளியே இழுத்துப் போடுகிறாள். எல்லோரையும் காப்பாற்றிய பிறகு தான் மட்டும் உள்ளே போகிறாள். குடில் வெடிக்கிறது. கில்லட்டின் ஓசை மட்டும் இசையில் அப்படியே இருக்கிறது. ஆனால் இப்போது அது சாவைக் குறிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒருத்தி பிழைக்கிறாள்.

இந்தப் பதிவில் நல்லதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கெண்ட் நகானோ நடத்தும் இசைக்குழு இறுக்கமாகவும் தெளிவாகவும் வாசிக்கிறது. சில்வி புருனே பாடும் குருவாஸி அம்மையாரின் மரணக் காட்சி பார்க்கவே கடினமானது. அப்படித்தான் இருக்க வேண்டும். சூசன் கிரிட்டனின் பிளான்ஷ், பயத்தை முகத்தில் மட்டும் காட்டாமல் தோளிலும் கையிலும் நடையிலும் காட்டுகிறார். துறவு உடையைக் கழற்றியதாலும் ஒரு நன்மை உண்டு. வெள்ளை முக்காட்டுக்குள் எல்லா முகமும் ஒன்றாகிவிடும் பழைய அரங்கேற்றங்களைப் போல் இல்லாமல், இங்கே ஒவ்வொரு பெண்ணும் ஒரு தனி ஆள். இவ்வளவும் செய்யத் தெரிந்த இயக்குநர் கடைசியில் செய்தது என்ன என்பதுதான் என் கோபம்.

அவர் கொலையாளியை மேடையிலிருந்து அனுப்பிவிட்டார். பாட்டின் சொற்களில் தீர்ப்பு இருக்கிறது, காட்சியில் கழுத்தை வெட்டும் அரசு இல்லை. மூலக்கதையில் 16 பெண்களைக் கொன்றது ஒரு தீர்ப்பாயம், ஒரு சட்டம், ஒரு இயந்திரம். மியூனிக்கில் அந்தப் பெண்களுக்கு ஆபத்து அவர்களே. கதவைச் சாத்திக்கொண்டது அவர்கள், மூச்சுமுட்டச் சாகப்போவது அவர்கள் முடிவு. அரசு செய்த கொலை, மனம் பேதலித்த பெண்களின் கூட்டுத் தற்கொலையாக மாறிவிட்டது. வெளியே நிற்கும் கூட்டத்தின் மீது எந்தப் பழியும் இல்லை. நாடாவுக்குப் பின்னால் ஒழுங்காகத்தானே நிற்கிறது!

மூடிய அறை, எரிவாயு, உள்ளே ஒரு பெண், வெளியே கூட்டம், தானே செய்துகொண்டாள் என்ற முடிவு. இந்தக் காட்சியை நம் ஊர்ப் பெண்கள் எவரும் சும்மா பார்த்துவிட முடியாது. ஸ்டவ் வெடித்தது, சிலிண்டர் கசிந்தது, அவளே கொளுத்திக்கொண்டாள் என்று எழுதப்பட்ட எத்தனை முதல் தகவல் அறிக்கைகளை இந்த நாட்டின் பெண்கள் இயக்கம் கிழித்துப்போட வேண்டியிருந்தது! திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ இயல்புக்கு மாறாகவோ இறந்து, அதற்குச் சற்று முன் வரதட்சணைக் கொடுமையும் நடந்திருந்தால், அதை வரதட்சணை மரணம் என்றே பார்க்க வேண்டும் என்று 1986இல் சட்டம் திருத்தப்பட்டதே, அது யாரும் தானமாகக் கொடுத்ததில்லை. ‘தற்கொலை’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்களை வெளியே இழுக்கத் தெருவில் இறங்கியவர்கள் வாங்கியது. அந்தச் சொல்லை மறுபடியும் மேடையேற்றி, அதற்குக் கலை என்று பெயரிட்டால் நான் கைதட்ட மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. 1794இல் தீர்ப்பாயத்தின் குற்றச்சாட்டில் ‘மதவெறியர்’ என்ற சொல் இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று கன்னியருள் ஒருவர் எழுந்து கேட்டதாகவும், உங்கள் சிறுபிள்ளைத்தனமான நம்பிக்கைகளும் சடங்குகளும்தான் என்ற வகையில் பதில் வந்ததாகவும் பதிவு இருக்கிறது. அந்தக் கேள்வியில் இருக்கும் புத்தியைக் கவனியுங்கள். எங்களைக் கொல்லப் போகிறீர்கள், எதற்காக என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்கிறார் அந்தப் பெண். எதிராளியைப் பேசவைத்துக் குற்றத்தைப் பதிவாக்குகிறார். அதே பெண்களை இருநூறு ஆண்டுகள் கழித்து மேடையில் வைக்கும்போது, தங்களுக்கு என்ன நடக்கிறது என்று புரியாமல் விஷக்காற்றில் கிடக்கும் கூட்டமாகக் காட்டினால், தீர்ப்பாயம் சொன்னது சரிதான் என்று இயக்குநர் ஒப்புக்கொள்கிறார் என்று பொருள்.

நான் கன்னியர் மடத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. சீதனம் தர வழியில்லாத பெண்களையும், குடும்பத்துக்கு வேண்டாத பெண்களையும் ஐரோப்பாவின் மடங்கள் விழுங்கிய கதை நமக்குத் தெரியும். அதை அந்தக் காலத்திலேயே கண்டித்தவர் ஒலிம்ப் து கூஜ். கட்டாய வார்த்தைப்பாட்டுக்கு எதிரான அவருடைய நாடகம் 1790இல் பாரிஸில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதினார். 1793 அக்டோபர் இறுதியில் புரட்சி அரசு பெண்களின் சங்கங்களைத் தடை செய்தது. நவம்பர் 3 அன்று ஒலிம்பின் தலையை வெட்டியது. எட்டு மாதம் கழித்துக் கார்மேல் கன்னியரின் தலைகளை வெட்டியது. ஒருவர் மடத்தின் கதவை உடைக்கச் சொன்னவர். மற்றவர்கள் தாங்களே விரும்பி அந்தக் கதவுக்குள் இருந்தவர்கள். இருவருக்கும் ஒரே கத்தி. தன் வாழ்க்கை பற்றித் தானே முடிவெடுத்து, அந்த முடிவைக் கூட்டாகச் சொல்லும் பெண் எந்தப் பக்கம் நின்றாலும் அந்த அரசுக்கு ஆகாதவள். இந்த ஓபராவை இன்று அரங்கேற்ற ஒருவருக்குத் தோன்ற வேண்டிய அரசியல் இதுதான். கில்லட்டினை எடுத்துவிட்டால் இந்த அரசியலும் போய்விடும்.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். மாணவிகள் சிலருடன் இந்தப் பதிவைப் பார்த்தபோது ஒரு மாணவி பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: “நல்லவேளை, எல்லாரும் பிழைச்சிட்டாங்க.” அவளுடைய நிம்மதி நேர்மையானது. பெண்கள் சாவதை அழகாக்கிக் காட்டுவதற்கென்றே ஒரு கலை வடிவம் இருந்தால் அது ஓபராதான் என்று பிரெஞ்சுப் பெண்ணியச் சிந்தனையாளர் காதரின் கிளெமான் 1979இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். கார்மென் குத்துப்பட்டுச் சாகிறாள், வியோலெட்டா இருமிச் சாகிறாள், தோஸ்கா குதித்துச் சாகிறாள். அப்படியிருக்க ஒரு இயக்குநர் பெண்களைப் பிழைக்கவைத்தால் நாம் ஏன் மகிழக் கூடாது? உயிர்த்தியாகத்தைப் போற்றச் சொல்கிறாயா என்று என்னைக் கேட்கலாம்.

போற்றச் சொல்லவில்லை. உடன்கட்டையைப் புனிதமாக்கிய நாட்டில் இருந்துகொண்டு எந்தப் பெண்ணின் சாவையும் நான் போற்ற மாட்டேன். ஆனால் கொல்லப்பட்டவர்களைப் பிழைத்தவர்களாகக் காட்டுவது அவர்களுக்கு உயிர் தராது, கொன்றவர்களுக்கு மன்னிப்புத் தரும். அதோடு, அந்த மேடையில் பிழைத்த பெண்களுக்கு என்ன ஆகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். பூலங்கின் இசை மாறவில்லை. கத்தி விழும் ஓசைக்கு ஒரு குரல் நிற்க வேண்டும் என்பது இசையில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே பிளான்ஷ் ஒருத்தியை வெளியே இழுத்ததும் அவள் பாடுவதை நிறுத்துகிறாள். உள்ளே சாவின் வாயில் இருந்தபோது அவளுக்குக் குரல் இருந்தது. காப்பாற்றப்பட்டதும் வாய் மூடிவிட்டது. ஒருத்தியாவது எழுந்து நின்று, ஏன் என்னை இழுத்தாய் என்று கேட்கவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை. பெண்ணைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் எத்தனையோ ஏற்பாடுகளில் நாம் கண்டதுதான் இது. உயிர் இருக்கும், பேச்சு இருக்காது.

படப்பதிவு இதை இன்னும் மோசமாக்குகிறது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர் எங்கே பார்ப்பது என்பதைத் தானே முடிவு செய்யலாம். வெளியே கிடக்கும் பெண்ணைப் பார்க்கலாம், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைப் பார்க்கலாம், கண்ணை மூடிக்கொண்டு குரல்களை எண்ணலாம். படத்தில் அந்த உரிமை கேமராவுக்குப் போய்விடுகிறது. ஒருத்தி ஓடி ஓடிக் காப்பாற்றும் காட்சி கண்ணைப் பிடித்து இழுக்கும்போது, குரல்கள் ஒவ்வொன்றாய் அடங்குவது காதில் ஏறுவதில்லை. கண்ணுக்கு மீட்பு, காதுக்குச் சாவு. இரண்டில் கண்தான் வெல்லும். அந்த மாணவியின் பெருமூச்சு அங்கிருந்துதான் வந்தது.

அடுத்தது, ஒன்றாக நின்றவர்களைப் பிரித்தது. மூலத்தில் வீரம் என்பது ஒருத்தியின் சொத்து இல்லை. அது கைமாறிக்கொண்டே இருக்கிறது. முதிய தலைவி பிளான்ஷின் பயத்தைத் தான் வாங்கிக்கொண்டு செத்தார் என்பது கான்ஸ்தான்ஸின் நம்பிக்கை. கான்ஸ்தான்ஸ் தோழியின் வாக்கைத் தன் வாக்கு என்று ஏற்றுக்கொள்கிறாள். புதிய தலைவி லிதுவான், தான் இல்லாதபோது எடுக்கப்பட்ட சபதத்தைத் தன் தலையிலும் சுமக்கிறார். கடைசியில் ஓடிப்போனவளே திரும்பி வருகிறாள், அதுவும் தன் இஷ்டத்துக்கு. உண்மை வரலாற்றிலும் அப்படியொன்று உண்டு. தலைவி இந்த ஒப்புக்கொடுத்தலைப் பற்றி முதன்முதலில் பேசியபோது மடத்தின் மிக முதிய கன்னியர் இருவர் நடுங்கிப்போய் விலகினார்கள்; பிறகு தாங்களே வந்து சேர்ந்துகொண்டார்கள். பயப்பட இடம் இருந்தது, மறுக்க இடம் இருந்தது, திரும்பி வரவும் இடம் இருந்தது. மடத்துக்கு வெளிவேலை செய்த சுவாரோன் சகோதரிகள் இருவர், கன்னியருக்குரிய வார்த்தைப்பாடு எதுவும் எடுக்காதவர்கள், அவர்களும் உடன் சென்றார்கள். சாரட்டில் ஏறிய பெண்களும் சந்தைக்குப் போன பெண்களும் சேர்ந்த கூட்டம் அது.

செர்னியாகோவின் மேடையில் இந்தக் கைமாற்றம் அறுந்துபோகிறது. ஒருத்தி செயல்படுகிறாள், மற்றவர்கள் மூட்டைகள். இழுக்கப்படுகிறார்கள், கிடத்தப்படுகிறார்கள். ஒரே நாளில் சாவோம் என்ற கான்ஸ்தான்ஸை வெளியே போட்டுவிட்டுப் பிளான்ஷ் தனியாகச் சாகிறாள். இயக்குநரின் ஆதரவாளர்கள் இதற்கும் விளக்கம் வைத்திருக்கிறார்கள்: பிறருக்குப் பதிலாகச் சாவது என்ற மூலக்கருத்து இங்கேயும் இருக்கிறதே, இன்னும் கூர்மையாக இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, சினிமாக் கதாநாயகனின் வடிவில். எல்லோரையும் காப்பாற்றிவிட்டு எரியும் கட்டடத்துக்குள் திரும்பிப் போகும் ஒற்றை ஆள் யார் என்று நமக்குத் தெரியாதா? அந்த நாயகனுக்குப் புடவை கட்டினாலும் கவுன் போட்டாலும் கதை அவனுடையதுதான். சேர்ந்து முடிவெடுக்கும் பெண்களைக் கற்பனை செய்ய முடியாதவர்களுக்கு, ஒருத்தியை உயர்த்தி மற்றவர்களை மயக்கத்தில் கிடத்துவது வசதியாக இருக்கிறது.

இப்போது வழக்குக்கு வருகிறேன். பூலங்கின் வாரிசும் பெர்னானோஸின் வாரிசும், கடைசிக் காட்சி படைப்பின் ஆன்மாவைத் திரித்துவிட்டது என்று வழக்குத் தொடுத்தார்கள். 2014இல் பாரிஸ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2015 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, டிவிடியின் விற்பனையையும் ஒளிபரப்பையும் நிறுத்தச் சொன்னது. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இசையும் சொற்களும் மாறவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டுத் திரிபு என்று சொல்வது முரண் என்றும், ஆசிரியரின் உரிமையோடு இயக்குநரின் படைப்புச் சுதந்திரத்தையும் எடைபோட வேண்டும் என்றும் சொன்னது. 2018 நவம்பரில் வெர்சாய் நீதிமன்றம் இயக்குநரின் பக்கம் நின்றது.

அந்த முடிவு சரி. தடையை நான் எதிர்க்கிறேன். வாரிசுகளின் கையில் பூட்டைக் கொடுத்தால் அந்தப் பூட்டு நாளை நம் கதவிலும் தொங்கும். புராணத்தைப் பெண்ணின் பக்கத்திலிருந்து மாற்றி எழுதும் எவருக்கும் இது தெரியும். மூலத்துக்கு விசுவாசமாக இரு என்று நான் செர்னியாகோவிடம் கேட்கவே இல்லை. பெர்னானோஸும் பூலங்கும் வரலாற்றுக்கு விசுவாசமாகவா இருந்தார்கள்? மரபுவழிப் பதிவுகளின்படி முதலில் போனவர் இளையவரான கான்ஸ்தான்ஸ். தலைவி எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியில் போனார். ஓபராவில் அது தலைகீழ். அந்த மாற்றத்தால் கதைக்கு ஒரு தோழமை கிடைத்தது. நான் குறை சொல்ல மாட்டேன். மாற்றுவது குற்றம் இல்லை. மாற்றத்தால் யாருக்கு லாபம் என்று கேட்பதுதான் விமரிசனம். அந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தில் இடமில்லை. ஆகவே நீதிமன்றம் டிவிடியை விடுவித்தது என்பதற்காக நாமும் அதை விடுவிக்க வேண்டியதில்லை.

பக்தியான அரங்கேற்றங்களுக்குத் திரும்பிவிடலாமே என்று யாரும் நினைக்க வேண்டாம். மிலானில் 2004இல் ராபர்ட் கார்சன் இயக்கி, ரிக்கார்டோ முத்தி இசை நடத்திய பதிவில், வெள்ளை உடுத்திய பெண்கள் நடனம்போலக் கை அசைத்து, கத்தி ஓசைக்கு ஒவ்வொருவராய் மெல்லத் தரையில் சாய்கிறார்கள். பாரிஸில் 2013இல் ஒலிவியே பீ இயக்கிய பதிவில் அவர்களுக்குப் பின்னால் நட்சத்திரம் நிறைந்த வானம். பத்ரீசியா பெத்தீபோன், சாந்த்ரீன் பியோ, வெரோனிக் ஜான்ஸ் என்று பாடகியர் வரிசை பிரமாதம். இரண்டும் கண்ணில் நீர் வரவைப்பவை. எனக்கும் வந்தது. ஆனால் கழுத்து வெட்டுப்படுவது பூ உதிர்வதுபோல ஆகிவிட்டால் அங்கேயும் கொலையாளி தப்பித்துக்கொள்கிறான். ஒருவர் கொலையைத் தற்கொலையாக்குகிறார், மற்றவர்கள் அதை விண்ணேற்றமாக்குகிறார்கள். திருச்சபை 2024 டிசம்பரில் இந்த 16 பேரையும் புனிதர்களாக அறிவித்தது. பீடத்தில் ஏற்றப்பட்ட பெண்ணிடம் யாரும் சாட்சியம் கேட்பதில்லை என்பதுதான் என் கவலை.

இந்த மூன்று பதிவுகளிலும் எனக்குக் குறைவாகப் படுகிற ஒரு பாத்திரம் உண்டு: அன்னை மரி. சபதத்தை முன்மொழிந்தவரே அவர்தான். கடைசியில் மற்றவர்களோடு சாகப் போகத் துடிக்கும்போது, கடவுளின் சித்தம் வேறு என்று ஒரு பாதிரியார் தடுத்துவிடுகிறார். ஓபரா அவரை அங்கேயே விட்டுவிடுகிறது. ஒரு தோல்வியைப் போல. ஆனால் அந்தப் பாத்திரத்தின் மூலமான அருட்சகோதரி மரி 1836 வரை வாழ்ந்து, நடந்ததை எழுதினார். யார் பயந்தார், யார் கேள்வி கேட்டார் என்பதையெல்லாம் அந்த எழுத்திலிருந்துதான் நாம் எடுக்கிறோம். பெண்கள் பிழைப்பதைக் காட்ட ஆசைப்பட்ட இயக்குநருக்குக் கதைக்குள்ளேயே ஒரு பிழைத்த பெண் இருந்தார், அவர் கையில் பேனாவும் இருந்தது. அவரைத் தாண்டிப் போய் ஒரு குடிலை வெடிக்கவைத்தார்.

தோழிகளே, இந்த மியூனிக் பதிவைப் பாருங்கள். பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் வாரிசு இல்லை. ஆனால் கடைசிக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை படத்தோடு. இரண்டாம் முறை திரையை அணைத்துவிட்டு, ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, குரல்களை எண்ணுங்கள். எத்தனை குரலில் தொடங்குகிறது, எந்த இடத்தில் ஒன்று குறைகிறது, எந்தச் சொல்லின் நடுவில் கடைசிக் குரல் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். அதை முடித்த பிறகு உங்களுக்கு எந்த விமரிசகரின் உதவியும் தேவைப்படாது. அது 16 பெண்களை ஒரு அரசு கொன்ற சத்தம். அதன் மேல் எந்தப் படத்தை ஒட்டினாலும் அந்தச் சத்தத்தைக் காட்டி நாம் கேட்கலாம்.